கிளீனர் சைடு வீல் நட்டு

அக்டோபரில், மழை பிடிக்கப் போகிற வாரம். கொடைக்கானலில் ஒரு பஞ்சர் கடையில் ஜீப்பை நிறுத்தினேன். முன்பக்கம், கிளீனர் சைடு, அதாவது இடது பக்கச் சக்கரத்தில் காலையிலிருந்தே காற்று இறங்கிக்கொண்டிருந்தது. கடைப் பையன் ஏர் கன்னை நட்டில் வைத்து அழுத்தினான். நட்டு அசையவில்லை. கொஞ்சம் நேரம் கூடுதலாக அழுத்தினான். 'டக்' என்று ஒரு சத்தம். கழன்றுவிட்டது என்றுதான் நினைத்தேன். சாக்கெட்டைக் கவிழ்த்தபோது நட்டு மட்டும் விழவில்லை, அதற்குள் போல்ட்டின் பாதியும் சேர்ந்து விழுந்தது.

இரண்டாவது நட்டில் கன் வெகுநேரம் அடித்தது. மூன்றாவதில் சாக்கெட் வழுக்கி, நட்டின் மூலைகள் மழுங்கிப் போயின. "போதும் தம்பி, விட்டுடு" என்று சொல்லி நிறுத்தினேன். டியூபில் காற்றை மட்டும் நிரப்பிக்கொண்டு பூம்பாறைக்குக் கிளம்பினேன். மிக மெதுவாக ஓட்டி, வழியில் இருமுறை நிறுத்தி, பெடல் பம்பால் காற்று அடித்து, இருட்டிய பிறகு வீடு சேர்ந்தேன். ஐந்து போல்ட்டில் ஒன்று இல்லாமல் மலைப்பாதையில் வளைவு வளைவாகத் திரும்பிய அந்த ஒரு மணி நேரம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

வண்டி சித்தப்பாவுடையது. மஹிந்திரா சிஜே 3பி, பானட் உயரமாக இருக்குமே, அந்தப் பழைய ஜீப். 1953இல் அமெரிக்காவில் வில்லிஸ் கொண்டுவந்த மாடல் அது. மஹிந்திரா அதை நம் நாட்டில் பல வருடங்கள் கட்டியது. என் வண்டியில் எஞ்சின் எப்போதோ டீசலுக்கு மாறிவிட்டது. ஆக்ஸில், ஹப் (சக்கர போல்ட்டுகள் பதிந்திருக்கும் நடுப்பகுதி), சக்கரம் எல்லாம் பழையபடியே இருக்கின்றன. சித்தப்பாவிடமிருந்து என் கைக்கு வந்த பிறகு டிரைவர் சைடு சக்கரங்களைத்தான் நான் கழற்றியிருக்கிறேன். இடது பக்கத்தைத் தொட வேண்டிய தேவையே வரவில்லை.

அன்றிரவு பண்ணைக்காட்டில் இருக்கும் ஒரு பெரியவருக்கு போன் போட்டேன். நாற்பது வருடம் ஜீப் வேலை பார்த்து ஓய்ந்தவர். நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் கேட்டார்: "கிளீனர் சைடா?"

"ஆமாண்ணே."

"காலைல போல்ட்டு மூஞ்சியத் தேய்ச்சுப் பாரு தம்பி. எல்லுன்னு எழுத்து இருக்கும். அது லெஃப்ட் திரெட். நீங்க கழட்டல, இறுக்கியிருக்கீங்க."

விடிந்ததும் மண்ணெண்ணெய் நனைத்த துணியும் கம்பி பிரஷும் எடுத்துக்கொண்டு சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தேன். போல்ட் நுனிகளில் செம்மண்ணும் கிரீஸும் பெயின்டும் சேர்ந்து ஒரு பொருக்காக இருந்தது. முதலில் மண் போயிற்று. அடுத்து, சித்தப்பா காலத்துச் சாம்பல் பெயின்ட் செதில் செதிலாக உரிந்தது. அதற்கும் கீழே, கடுகு அளவுக்குத்தான், இரும்பில் குத்திய ஒரு 'எல்'. அடுத்த போல்ட்டைத் தேய்த்தேன். அதிலும் இருந்தது. வலது பக்கம் போய்த் தேய்த்துப் பார்த்தேன். அங்கே எழுத்து எதுவும் இல்லை.

காரணம் எளிது. வண்டி முன்னால் ஓடும்போது வலது சக்கரம், வெளியே நின்று பார்ப்பவருக்குக் கடிகாரத் திசையில் சுற்றும். இடது சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும். சக்கரம் சுற்றுகிற திசையும் நட்டு இறுகுகிற திசையும் ஒன்றாக இருந்தால் ஓட்டத்தில் நட்டு தளராது என்று கணக்குப் போட்டு, இடது பக்கத்துக்கு இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிராக இடஞ்சுழியாகத் திருப்பினால் இறுகும் திரெட், வைத்தார்கள். நட்டின் கூம்பு முனை ரிம்மில் சரியாக உட்கார்ந்து, சரியான அளவில் இறுக்கினால் எந்த மரையும் தளராது என்பது பிறகு தெளிவானது. அதனால் இன்றைய கார், ஜீப்களில் நான்கு பக்கமும் வலது மரைதான். பஞ்சர் கடைப் பையனுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. வண்டி என்னுடையது, சொல்ல வேண்டியது என் பொறுப்பு.

சரி, வேலைக்கு வருகிறேன்.

முதல் நாள் முழுக்க நான் ஸ்பேனரையே எடுக்கவில்லை. பிரஷால் மரையைச் சுத்தம் செய்து, ஒவ்வொரு நட்டின் வாயிலும் துரு இளக்கும் எண்ணெயை விட்டேன். மதியம் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை, படுக்கப் போகும் முன் ஒருமுறை. எண்ணெய் விட்ட பிறகு நட்டின் முகத்தில் சிறிய சுத்தியலால் லேசாக நாலு தட்டு தட்டினால் எண்ணெய் உள்ளே இறங்க வழி கிடைக்கும். மரையின் மேல் அடி விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சூடு காட்டு என்று பலரும் யோசனை சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு சாண் தூரத்தில் டயர், உள்ளே பேரிங் கிரீஸ், பிரேக் சிலிண்டரின் ரப்பர் வாஷர். ஒரு நட்டுக்காக அத்தனையையும் பணயம் வைக்க முடியாது.

மறுநாள் காலை, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் முட்டுக் கொடுத்துவிட்டுத் தொடங்கினேன். இங்கே கைபிரேக் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஜீப்பில் கைபிரேக் சக்கரங்களில் இல்லை. டிரான்ஸ்ஃபர் பெட்டிக்குப் பின்னால், பின்பக்க புரொப்பல்லர் ஷாஃப்டில் ஒரு டிரம்மாக இருக்கிறது. பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கிவிட்டால், ஷாஃப்ட் பூட்டியிருந்தாலும் டிஃபரென்ஷியல் (இரண்டு பின்சக்கரங்களுக்கும் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டி) வழியாகத் தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையில் இருக்கும் சக்கரம் மறுபக்கம் உருளும். அதாவது கைபிரேக் போட்டிருக்கும்போதே வண்டி நகரும். சரிவான மலை ஊரில் இது உயிர் போகிற விஷயம். பின்சக்கரத்தைத் தூக்கும்போது கட்டாயம் ஃபோர் வீல் போட்டு, கல்லும் வைத்துவிட வேண்டும்.

நட்டுகளை இளக்கும்வரை சக்கரம் தரையிலேயே இருக்கட்டும். தூக்கிய பிறகு பலம் கொடுத்தால் சக்கரம் சுற்றும், வண்டி ஜாக்கியிலிருந்து நழுவவும் செய்யும். அரை அங்குல போல்ட்டுக்கான நட்டு முக்கால் அங்குலம், நம் 19 நம்பர் சாக்கெட் சரியாக உட்காரும். ஆனால் ஆறு முக சாக்கெட்டாக இருக்க வேண்டும். பன்னிரண்டு முக சாக்கெட் மூலையை மட்டும் பிடிக்கும், நட்டு கொஞ்சம் தேய்ந்திருந்தால் வழுக்கிவிடும். கடையில் மூன்றாவது நட்டு மழுங்கியது அதனால்தான்.

ஏர் கன் தொடாத நாலாவது, ஐந்தாவது நட்டுகள் பெரிதாகப் படுத்தவில்லை. கடிகாரத் திசையில், அதாவது கை பழகியதற்கு நேர் எதிராக, அரை மீட்டர் கம்பியை அழுத்தினேன். ஒரு 'கிறீச்', பிறகு இளகிவிட்டது. கால் சுற்று கழற்றி, திரும்ப அரைக்கால் சுற்று இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி கழற்றினேன். துரு பிடித்த நட்டை ஒரே மூச்சில் கழற்றினால் துருத்தூள் மரையிடையே சிக்கி, பாதி வழியில் பிடித்துக்கொள்ளும். முன்னும் பின்னுமாக ஆட்டினால் தூள் எண்ணெயோடு வெளியே வந்துவிடும்.

இரண்டாவது நட்டுக்கு இந்த முறை ஆகாது. அது துருவால் மட்டும் பிடித்திருக்கவில்லை, கன்னால் அளவுக்கு மீறி இறுகியிருந்தது. இறுக்கும் பக்கம் துளி அசைத்தாலும் போல்ட் போய்விடும். கழற்றும் திசையில் மட்டும், விடாமல், ஒரே சீராகப் பலம் கொடுத்தேன். கம்பியில் பைப்பைச் செருகி ஏறி நிற்கும் பழக்கம் நம் ஊரில் எல்லோருக்கும் உண்டு. 60 கிலோ ஆள் ஒரு மீட்டர் பைப்பின் நுனியில் நின்றால் நட்டில் ஏறும் முறுக்கு கிட்டத்தட்ட 590 நியூட்டன் மீட்டர். இந்த போல்ட்டை இறுக்கத் தேவையானது அதில் ஐந்தில் ஒரு பங்குதான். நான் பைப் போட்டேன், ஆனால் ஏறவில்லை. உட்கார்ந்து இரண்டு கையாலும் இழுத்தேன். இளகியது.

மழுங்கிய மூன்றாவது நட்டுக்கு ஒரு பழைய 18 நம்பர் சாக்கெட்டைப் பலிகொடுத்தேன். அதை நட்டின் மேல் வைத்துச் சம்மட்டியால் அடித்து இறக்கினேன். மழுங்கிய மூலைகளைச் சாக்கெட்டே செதுக்கிக்கொண்டு கெட்டியாகப் பிடித்தது. கழன்ற நட்டைச் சாக்கெட்டிலிருந்து எடுக்கப் பத்து நிமிடம் ஆயிற்று.

சக்கரத்தைக் கழற்றிய பிறகுதான் முக்கியமான விஷயம் கண்ணில் பட்டது. நாலாவது போல்ட்டின் நட்டை எடுத்து, மற்ற போல்ட்டுகளில் விரலால் சுற்றிப் பார்த்தேன். நாலிலும் ஐந்திலும் அடிவரை போயிற்று. இரண்டிலும் மூன்றிலும் பாதிவரை நன்றாக ஓடி, அதன் பிறகு இறுகி நின்றது. அழுக்கோ என்று பிரஷ் போட்டுத் துடைத்தேன். அதே இடத்தில்தான் நின்றது. ஒரு நல்ல போல்ட்டின் மரையை இதன் மரையோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் புரியும்: நுனியில் இரண்டும் ஒன்றோடொன்று பல்லாகப் பொருந்துகின்றன, அடிப்பக்கம் போகப் போகப் பொருத்தம் விலகுகிறது. போல்ட் இழுபட்டிருக்கிறது. ரப்பர் போல இழுபட்டுத் திரும்பி வரும் எல்லையைத் தாண்டி, நிரந்தரமாக நீண்டுவிட்டது. இப்படிப்பட்ட போல்ட்டில் டை (மரை வெட்டும் கருவி) போட்டு மரையைச் சரிசெய்து மாட்டிவிடலாம் என்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். மரை சரியாகும், இரும்பு சரியாகாது.

ஒன்று உடைந்தது, இரண்டு நீண்டது. அப்படியானால் ஐந்தையும் மாற்றுவதுதான் சரி. பெரியவரும் அதையே சொன்னார். ஆனால் இடது மரை போல்ட்டுக்கு எங்கே போவது? வத்தலக்குண்டிலும் திண்டுக்கல்லிலும் கேட்டேன். வலது மரை போல்ட் உடனே எடுத்துக் கொடுத்தார்கள். இடது மரை இல்லை.

இரண்டு நாள் யோசித்தேன். பழைய வண்டியைப் பழையபடியே வைத்திருக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு. சித்தப்பா அப்படித்தான் வைத்திருந்தார். ஆனால் இது வீட்டில் நிறுத்தி அழகு பார்க்கிற வண்டி இல்லை. பூண்டு மூட்டை ஏற்றுகிறேன், மன்னவனூர், கூக்கால் என்று மழையில் ஓட்டுகிறேன். நடு ராத்திரியில் பஞ்சரானால் உதவிக்கு வருகிறவர் யாராக இருந்தாலும் அவர் கை இடஞ்சுழியாகத்தான் திருப்பும். அதனால் வலது மரைக்கே மாற்றுவது என்று முடிவு செய்தேன். முன்சக்கரம் மட்டுமல்ல, இடது பின்சக்கரமும் சேர்த்து. ஒரே பக்கத்தில் ஒன்று இப்படி, ஒன்று அப்படி இருந்தால் அது இருந்ததைவிட மோசம்.

முன் ஹப்பைக் கழற்றுவது கடினமில்லை. டிரைவ் ஃப்ளாஞ்சின் ஆறு போல்ட், லாக் வாஷர், இரண்டு பெரிய நட்டு, பேரிங், அவ்வளவுதான். ஹப்பையும் டிரம்மையும் ஒன்றாகச் சாக்கில் கட்டி, காலை பஸ்ஸில் வத்தலக்குண்டு லேத்துக்குக் கொண்டுபோனேன். மேலே ஸ்வெட்டரோடு ஏறியவன் கீழே இறங்கும்போது சட்டை நனைந்திருந்தது.

அந்த லேத் மேஸ்திரியின் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். இந்த போல்ட்டுகள் ஹப்பையும் டிரம்மையும் சேர்த்துப் பிடிக்கும்படி, கழுத்தில் நசுக்கி விரிக்கப்பட்டிருக்கின்றன. அந்த விரிந்த விளிம்போடு அப்படியே பிரஸ்ஸில் வைத்துத் தள்ளினால் அது ஹப்பின் துளையை அறுத்துக்கொண்டு வெளியே வரும், புதிய போல்ட் அங்கே தளர்ந்துதான் உட்காரும். மேஸ்திரி முதலில் ஒவ்வொரு போல்ட்டின் கழுத்தைச் சுற்றியும் அந்த விளிம்பை மட்டும் வெட்டி எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி, தூளை ஊதிவிட்டு, நகத்தால் தடவிப் பார்த்தார். கடைசியில்தான் பிரஸ். ஐந்தும் சத்தமே இல்லாமல் இறங்கின. துளைகள் ஐந்தும் வட்டமாக, கீறல் இல்லாமல் இருந்தன. உடைந்த போல்ட்டின் அடிப்பாதியும் அதே வழியில் வந்துவிட்டது. சம்மட்டியால் அடித்து இறக்கித் தருகிறேன் என்று வேறொரு இடத்தில் சொன்னார்கள். கொடுக்காமல் வந்தது நல்லதாயிற்று.

பின் ஹப் கூம்பு ஆக்ஸிலில் சாவிக்கட்டையோடு உட்கார்ந்திருப்பதால் இழுத்துக் கழற்றும் கருவியான புல்லர் இல்லாமல் வராது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியவரே புல்லரோடு பூம்பாறைக்கு வந்தார். குழந்தை வேலப்பர் கோயிலுக்கு வெகுநாளாக வர வேண்டும் என்றிருந்தாராம். காலையில் சாமி, மதியம் ஹப்.

திரும்ப மாட்டியதில் சொல்ல வேண்டியவை சில உண்டு. பேரிங்கைக் கழுவிப் புதுக் கிரீஸ் அடைத்தேன். உள் நட்டைச் சக்கரம் பிடிக்கும்வரை இறுக்கி, ஆறில் ஒரு சுற்று தளர்த்தி, பூட்டினேன். ரிம்மில் நட்டு உட்காரும் ஐந்து கூம்புக் குழிகளிலும் பெயின்ட் கனமாகப் படிந்திருந்தது. அதைச் சுரண்டி எடுத்தேன். பெயின்டின் மேல் நட்டை இறுக்கினால் ஓட்டத்தில் பெயின்ட் நசுங்கி நட்டு தளரும். ரிம்முக்கும் டிரம்முக்கும் இடையிலிருந்த துருப் பொருக்குக்கும் இதே கதைதான்.

மரைக்கு எண்ணெய் போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நான் போடுவதில்லை. நாம் கொடுக்கும் முறுக்கில் பத்தில் ஒன்பது பங்கு உராய்விலேயே போய்விடுகிறது. மிச்சம் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கிறது. எண்ணெய் போட்டு உராய்வைக் குறைத்தால் அதே முறுக்கில் போல்ட் வெகுவாகக் கூடுதலாக இழுபடும். கழற்றும்போது எண்ணெய் விடுவது வேறு, மாட்டும்போது துடைத்துக் காயவைத்துத்தான் மாட்ட வேண்டும். ரிம்மின் நடுத்துளை ஹப்பைத் தொடும் விளிம்பில் மட்டும் கிரீஸை விரலால் ஒரு இழுப்பு இழுத்தேன். மழையில் அந்த இடம்தான் ஒட்டிக்கொள்ளும்.

ஐந்து நட்டையும் கூம்பு முனை உள்ளே பார்க்க, கையாலேயே தொடங்கினேன். பிறகு ஒன்று விட்டு ஒன்றாக, நட்சத்திரம் வரைவது போல. அரை அங்குல போல்ட்டுக்குப் பொதுவாகச் சொல்லப்படுவது 75 முதல் 85 ஃபுட் பவுண்ட், ஏறத்தாழ 100 முதல் 115 நியூட்டன் மீட்டர். முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் என்னிடம் இல்லை. பூண்டு எடை போடும் தொங்கு தராசு இருந்தது. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் மலைப்பூண்டை மூட்டை மூட்டையாக நிறுக்கும் தராசு, கிலோ தப்பாது. நட்டின் மையத்திலிருந்து கம்பியில் சரியாக 50 சென்டிமீட்டரில் சாக்பீஸால் கோடு போட்டு, அங்கே தராசின் கொக்கியை மாட்டி, கம்பிக்குச் செங்குத்தாக இழுத்தேன். 22 கிலோ காட்டியதும் நிறுத்தினேன். அரை மீட்டரில் 22 கிலோ என்றால் 108 நியூட்டன் மீட்டர். முதல் சுற்று 10 கிலோ, இரண்டாவது 16, மூன்றாவது 22. கோணல் இழுப்பானால் கணக்குத் தப்பும், அதனால் ஒருவர் இழுக்க, இன்னொருவர் பக்கத்தில் நின்று கோணம் பார்க்க வேண்டும். என் மகள் பார்த்தாள். தராசு தொடும் அளவை அவள் சத்தமாகச் சொல்ல, நான் இழுத்தேன். 22 கிலோ எவ்வளவு குறைவான பலம் என்று கையில் உணர்ந்தபோதுதான், இத்தனை வருடமாக எவ்வளவு கூடுதலாக இறுக்கியிருக்கிறேன் என்பது தெரிந்தது.

இறுக்கி முடித்ததும் நட்டிலிருந்து ரிம்முக்கு வெள்ளை பெயின்டால் ஒரு கோடு. நட்டு நகர்ந்தால் கோடு உடைந்து தெரியும். மறுநாள் மன்னவனூர் போய்த் திரும்பி, சக்கரம் ஆறிய பிறகு மறுபடி தராசு வைத்தேன். முன்சக்கரத்தில் இரண்டு நட்டுகள் ஒரு நூல் அளவு இறங்கின, மற்றவை அசையவில்லை. அடுத்த வாரம் பார்த்தபோது பத்துமே நின்ற இடத்தில் இருந்தன. புதிய போல்ட், சுரண்டிய ரிம் என்றால் இந்த இரண்டாம் சுற்றை விடக்கூடாது.

இப்போது வருடத்தில் இருமுறை, மே கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும் நான்கு சக்கரங்களையும் கழற்றி, மரையைத் துலக்கி, ஹப் விளிம்பைத் துடைத்து, திரும்பத் தராசோடு மாட்டுகிறேன். பஞ்சர் கடையில் மாட்டினாலும் ஏர் கன்னால் இறுக்க விடுவதில்லை, நட்டைக் கையால் ஏற்றித் தரச் சொல்கிறேன். சீட்டுக்கு அடியில் 19 நம்பர் சாக்கெட், அரை மீட்டர் கம்பி, ஜாக்கி மண்ணில் புதையாமலிருக்க ஒரு பலகைத் துண்டு இருக்கின்றன. பழைய இடது மரை நட்டுகளை வண்டியிலிருந்து எடுத்துவிட்டேன். யாராவது தெரியாமல் அதைப் புதிய போல்ட்டில் ஏற்றினால் மரை இரண்டும் நாசமாகும்.

ஜனவரியில் கூக்கால் ஏரிக்கு மேலே, கிளீனர் சைடு பின்சக்கரத்தில் ஆணி ஏறியது. பனி இறங்கத் தொடங்கிய நேரம். கேரட் ஏற்றி வந்த வேன் நின்றது. டிரைவர் இறங்கி, நான் எதுவும் சொல்வதற்கு முன்பே என் கையிலிருந்த கம்பியை வாங்கி, இடஞ்சுழியாக ஒரு அழுத்து அழுத்தினார். இளகியது. நான் ஃபோர் வீல் போட்டுக் கல் வைத்தேன். கால் மணி நேரத்தில் ஸ்டெப்னி ஏறிவிட்டது.